சத்தம் போடுவது புஷ், தவறு யாருடையது?

வீட்டில் மின்விசிறி கரகரவென்று சத்தமிட்டால் உடனே எண்ணெய்ப் புட்டியைத் தேடுகிறோம். காரின் சக்கரப் பக்கம் சத்தம் கேட்டால், அங்கே இருக்கும் பொருளை மாற்றிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் கோளாறும் இருக்கும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை பல வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ரிமோட் கருவியால் இயக்கப்படும் மாதிரிப் படகுகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் நிறையவே உண்டு.

பொழுதுபோக்குக் கைவேலைகளைப் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இந்த வாரம் பேசப்பட்டதும் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். கிள்ளானில் பல ஆண்டுகளாக இயந்திரப் பட்டறை நடத்திவரும் பெரியவர் ஒருவரும், தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரும் பேச வந்திருந்தனர். அரங்கின் முன்வரிசையில் 14 வயது மாணவர் ஒருவர் தம் தாத்தாவோடு அமர்ந்திருந்தார். அவர்கள் காலடியில், துவாலையின் மேல் முக்கால் மீட்டர் நீளமுள்ள இழுவைப் படகு மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

தாத்தா, துறைமுக இழுவைப் படகுகளின் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தாம் வேலை செய்த படகின் நினைவாக ஒட்டுப்பலகையை வெட்டி, எட்டு மாத உழைப்பில் அந்த மாதிரியைக் கட்டியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் அது சத்தமே இல்லாமல் ஓடியது. இப்போதோ, ஏரியில் விட்டால் கரையில் நடைப்பயிற்சி செய்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆறு மாதங்களில் மூன்று முறை புஷ் மாற்றியும் பயனில்லை. “இனி இது கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும்” என்று தாத்தா முடிவு செய்துவிட்டார்.

பேரனுக்கு மனம் கேட்கவில்லை. “அங்கிள், தாத்தா ஷாஃப்ட் குழாயை ஒட்டினதுலதான் ஏதோ தப்பு இருக்குன்னு நினைக்கிறேன். அதைப் பிரிச்சு எடுத்தா படகு உடைஞ்சிடுமா?” என்று அவர் கேட்டார்.

பட்டறைப் பெரியவர் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. “தம்பி, சத்தம் எப்ப ஆரம்பிச்சுது?” என்று திருப்பிக் கேட்டார். மாணவர் சற்று யோசித்துவிட்டு, “தீபாவளி முடிஞ்ச பிறகு” என்றார். அந்தப் பதில் எவ்வளவு முக்கியமானது என்பது நிகழ்ச்சியின் இறுதியில்தான் அனைவருக்கும் விளங்கியது.

புஷ் என்பது என்ன?

மாதிரிப் படகின் உள்ளே இருக்கும் மோட்டார், கப்ளிங் எனப்படும் இணைப்பின் வழியாக ஒரு மெல்லிய எஃகுத் தண்டைச் சுழற்றுகிறது. அதுதான் ஷாஃப்ட். பெரும்பாலான படகு மாதிரிகளில் இதன் கனம் 4 மில்லிமீட்டர். இந்தத் தண்டு படகின் அடிப்பகுதியைத் துளைத்துச் செல்லும் ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஓடி, வெளியே உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. விசிறி நீரைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகிறது.

குழாயின் இரண்டு முனைகளிலும் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கும் சிறிய வளையங்களே புஷ். மோட்டார் பக்கம் இருப்பது உட்புற புஷ். விசிறிப் பக்கம் இருப்பது வெளிப்புற புஷ். நடுவில் ஷாஃப்ட் குழாயைத் தொடுவதே இல்லை. ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஒரு தாளின் கனத்தைவிடக் குறைவான இடைவெளிதான் இருக்கவேண்டும். அந்த இடைவெளியில் எண்ணெயோ கிரீஸோ ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது அந்தப் படலம்தான்.

ஆகவே புஷ் என்பது தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பொருள். விலையுள்ள ஷாஃப்டும் மோட்டாரும் பிழைக்கவேண்டும் என்பதற்காகச் சில வெள்ளிக்குக் கிடைக்கும் இந்த வளையம் தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. “அது தேயறது தப்பில்ல. ஆறு மாசத்துல மூணு தடவை தேஞ்சா, அதைத் தேய்க்கிறது யாருன்னு பார்க்கணும்” என்றார் பெரியவர்.

பெரிய கப்பல்களும் பட்ட பாடு

இது சிறிய படகுகளுக்கு மட்டும் வந்த சிக்கலன்று என்று விரிவுரையாளர் விளக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் பக்கவாட்டுச் சக்கரங்களைக் கைவிட்டு, நீருக்கடியில் சுழலும் விசிறிக்கு மாறின. அப்போது ஷாஃப்டைத் தாங்கிய பித்தளைத் தாங்கிகள் மிக விரைவாகத் தேய்ந்துபோயின. கப்பல் அதிர்ந்தது, ஷாஃப்ட் வழியாகக் கடல்நீர் உள்ளே புகுந்தது.

1854-ஆம் ஆண்டு ஜான் பென் எனும் ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். லிக்னம் வைட்டே எனும் மிகக் கடினமான மரத்தின் பட்டைகளைத் தாங்கிக்குள் பதித்து, கடல்நீரையே எண்ணெய்போல் பயன்படுத்துவதுதான் அவருடைய முறை. நீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியான இந்த மரம் இயல்பாகவே பிசின் நிறைந்தது. பித்தளை தோற்ற இடத்தில் மரம் வென்றது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களில் அது பயன்பட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அதே பித்தளையைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்திருக்காது. ஏன் தேய்கிறது என்ற கேள்வியே வழியைக் காட்டியது.

சத்தம் எத்தனை வகை?

சத்தம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மருத்துவர் இருமலைக் கேட்டு வகை பிரிப்பதுபோல் இதையும் பிரித்துக் கேட்கவேண்டும். பெரியவர் ஐந்து வகைகளைக் குறிப்பிட்டார்.

முதலாவது, காதைத் துளைக்கும் ‘கீச்’ சத்தம். இது பெரும்பாலும் எண்ணெய் வற்றியதன் அறிகுறி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் நின்றுவிட்டால் நல்லது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால், எண்ணெய்ப் படலத்தை ஏதோ ஒன்று நசுக்கி வெளியேற்றுகிறது என்று பொருள்.

இரண்டாவது, ‘கடகட’ சத்தம். வேகம் கூடக் கூட இதுவும் கூடும். புஷ்ஷின் துளை அகன்று, ஷாஃப்ட் உள்ளே ஆடுகிறது. விசிறியை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக், டக்’ என்று சீராக வரும் சத்தம். ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், கப்ளிங்கின் சிறு ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், விசிறியின் ஓர் இதழ் கல்லில் பட்டு உடைந்திருக்கலாம்.

நான்காவது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ‘ம்ம்ம்’ என்று எழும் முழக்கம். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மறைந்துவிடும். ஷாஃப்ட் நீளமாகவும் நடுவில் தாங்கல் இல்லாமலும் இருந்தால் ஒரு வேகத்தில் அது கயிறுபோல் துள்ளும். படகின் வெற்று உடல் மத்தளம்போல் அதைப் பெருக்கிக் காட்டும்.

ஐந்தாவது, ‘நறநற’ சத்தம். கரையோர மணல் புகுந்தாலும், பால் பேரிங் வைத்த படகில் உருண்டைகள் துருப்பிடித்தாலும் இப்படிக் கேட்கும். இதைக் கேட்ட பிறகும் படகை ஓட்டினால் ஷாஃப்டையே கெடுத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முன்னோக்கிப் போகும்போது மட்டும் சத்தம் வந்து, பின்னோக்கி ஓட்டினால் நின்றுவிடுகிறதா? அப்படியானால் ஷாஃப்டுக்கு முன்னும் பின்னும் நகர இடம் அதிகமாகிவிட்டது. விசிறி நீரைத் தள்ளும்போது ஷாஃப்ட் உள்நோக்கி நகர்ந்து, விசிறியின் நடுப்பகுதி வெளிப்புற புஷ்ஷின் முகத்தில் உரசுகிறது. இதற்குப் புதிய புஷ் தேவையில்லை. சரியான கனத்தில் ஒரு வாஷர் போதும்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்

சத்தத்தின் வகையைக் கேட்டாகிவிட்டது. இனி எந்த உறுப்பு என்று தனிமைப்படுத்தவேண்டும். தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை: கைகளை ஷாஃப்ட் பக்கம் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சிறிய விசிறிதானே என்று நினைப்பவர்களின் விரலை அது வெட்டியிருக்கிறது.

முதலில் கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை மட்டும் பாதி வேகத்துக்குள் சில விநாடிகள் ஓட்டிப் பார்க்கவேண்டும். சத்தம் அப்படியே இருந்தால் புஷ் நிரபராதி. மோட்டாரின் பேரிங்கையோ, மோட்டாரைப் பிடித்திருக்கும் தகட்டையோ பார்க்கவேண்டும்.

மோட்டார் அமைதியாக ஓடினால், கழற்றிய நிலையிலேயே ஷாஃப்டை விரலால் சுழற்றிப் பார்க்கவேண்டும். வழுவழுப்பாகச் சுழன்றால் ஒன்று. ஓர் இடத்தில் பிடித்து, ஓர் இடத்தில் விட்டால் வேறொன்று. பிடித்து விடுவது வளைவின் அடையாளம்.

அடுத்து, கப்ளிங்கை மீண்டும் பொருத்தி, விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டவேண்டும். இப்போது சத்தம் மறைந்தால் விசிறியின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மறையாவிட்டால் சிக்கல் மோட்டாருக்கும் ஷாஃப்டுக்கும் இடையே இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த நேரத்தில் பட்டறைப் பெரியவர் ஒரு நீண்ட ஸ்குரூடிரைவரை எடுத்தார். அதன் முனையைச் சுழலாத குழாயின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்டார். கார் பட்டறைகளில் பழைய மெக்கானிக்குகள் செய்வது இதைத்தான். உட்புற முனையில் ஒருமுறை, வெளிப்புற முனையில் ஒருமுறை கேட்டால் எது பலமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தாத்தா அப்போதுதான் முதன்முறையாகக் கையை நீட்டினார். இயந்திர அறையில் பல ஆண்டுகள் கழித்ததால் அவருக்குக் காது சற்று மந்தம். வீட்டில் சத்தம் கேட்கிறது என்று பேரன் சொன்னபோதெல்லாம் அவருக்கு அது சரியாகக் கேட்டதே இல்லை. அவர் குழாயின் இரண்டு முனைகளிலும் விரல் நுனியை வைத்துப் பார்த்துவிட்டு, “உள்பக்கம்தான் அடிக்குது” என்றார். ஸ்குரூடிரைவர் சொன்னதும் அதுவே.

தேய்மானம் சொல்லும் சாட்சி

மாணவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கழற்றிய பழைய புஷ்களைத் தூக்கி எறியாமல் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். எந்தப் புஷ் எந்த முனையில் இருந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மார்க்கரால் குறித்தும் இருந்தார். விரிவுரையாளர் அவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டி விளக்கியது நிகழ்ச்சியின் மிகப் பயனுள்ள பகுதி என்றே சொல்லவேண்டும்.

புஷ் அசையாமல் நிற்கிறது, ஷாஃப்ட் சுழல்கிறது. ஷாஃப்ட் வளைந்திருந்தால், வளைந்த பக்கம் சுற்றிச் சுற்றி வந்து புஷ்ஷின் எல்லாப் பக்கத்தையும் தேய்க்கும். ஆனால் ஷாஃப்டில் அந்த ஒரு பக்கம் மட்டுமே தேயும். எடை சமமில்லாத விசிறியும் இதே அடையாளத்தைத்தான் விட்டுச்செல்லும்.

ஷாஃப்ட் நேராக இருந்து, ஏதோ ஒன்று அதை ஒரே திசையில் இழுத்துக்கொண்டிருந்தால் நேர்மாறாக நடக்கும். ஷாஃப்டின் எல்லாப் பக்கமும் முறை வைத்து அந்த ஒரே இடத்தில் உரசும். ஷாஃப்ட் சுற்றிலும் சமமாகத் தேயும். புஷ்ஷோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும்.

சுருங்கச் சொன்னால், புஷ் முழுவதும் தேய்ந்தால் ஷாஃப்டையும் விசிறியையும் பாருங்கள். புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் மோட்டாரும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாணவரின் பையிலிருந்த மூன்று உட்புற புஷ்களும் அடிப்பக்கம் மட்டுமே தேய்ந்திருந்தன. மூன்றும் ஒரே இடத்தில். ஷாஃப்டை வெளியே எடுத்துக் கண்ணாடிப் பலகையில் உருட்டியபோது அதன் கீழ் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியவில்லை. ஷாஃப்ட் நேராகவே இருந்தது. ஆக, ஷாஃப்டின் உள்முனையை ஏதோ ஒன்று கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

கப்ளிங் எல்லாவற்றையும் சரிசெய்யுமா?

“யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டிருக்கோமே, அது வளைஞ்சு கொடுக்காதா?” என்பது மாணவரின் அடுத்த கேள்வி. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஒற்றை யுனிவர்சல் ஜாயிண்ட் ஒரு கோணத்தை மட்டுமே தாங்கும். மோட்டாரின் அச்சும் ஷாஃப்டின் அச்சும் அந்த ஜாயிண்டின் நடுவில் சந்தித்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக இணையாகப் போனால் ஒற்றை ஜாயிண்டால் எதுவும் செய்ய முடியாது. அது ஷாஃப்டை வலுக்கட்டாயமாக இழுக்கும். அந்த இழுவையைப் புஷ்தான் தாங்கவேண்டும்.

கோணத்தைத் தாங்கும்போதும் அது விலை கேட்கும். கோணத்தில் சுழலும் ஒற்றை ஜாயிண்ட், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை இருமுறை வேகப்படுத்தி இருமுறை தாமதப்படுத்துகிறது. கோணம் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். அதுவே அதிர்வாகக் கேட்கும். இரண்டு ஜாயிண்ட் உள்ள கப்ளிங்கைச் சரியான நிலையில் பொருத்தி, இரண்டு கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

நேர்கோட்டைச் சரிபார்க்கப் பெரியவர் காட்டிய முறை மிக எளிமையானது. கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, ஒரு முனை மோட்டாரின் தண்டிலும் மறுமுனை ஷாஃப்டிலும் இறுக்கமாகப் பொருந்தும் நேரான உலோகத் துண்டு ஒன்றைப் போடவேண்டும். இது வளைந்து கொடுக்காது. பிறகு மோட்டார் தகட்டின் ஸ்குரூக்களைத் தளர்த்தினால் மோட்டார் தானாகவே தன் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். தகட்டின் கீழ் விழும் இடைவெளியை மெல்லிய அலுமினியத் தகடுகளாலோ ஒட்டுப்பலகைத் துண்டுகளாலோ நிரப்பி, ஸ்குரூக்களை இறுக்கி, ஷாஃப்ட் இப்போதும் விரலால் எளிதாகச் சுழல்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே கப்ளிங்கைத் திரும்பப் போடவேண்டும்.

அரங்கில் அதைச் செய்தபோது மோட்டார் தகட்டோடு சேர்ந்து மேலே எழும்பியது. தகட்டின் கீழ் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி.

“மோட்டாரை மாத்தினியா தம்பி?” என்று கேட்டார் பெரியவர்.

மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்துப் புதிய பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கிப் பொருத்தியது அவர்தான். பழைய மோட்டாரைவிட அது சிறியது. பழைய தகட்டிலேயே அதை மாட்டியதால் அதன் தண்டு தாழ்வாக அமைந்துவிட்டது. தாத்தா ஒட்டிய குழாயில் எந்தத் தவறும் இல்லை. அதைப் பிரித்திருந்தால் நன்றாக இருந்த படகின் அடிப்பகுதியை வெட்டியிருப்பார்கள். சத்தம் மட்டும் போயிருக்காது.

எந்தப் புஷ்? எந்த எண்ணெய்?

காரணத்தைச் சரிசெய்த பிறகு தேய்ந்த புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும். முட்டை வடிவத் துளை தானாக வட்டமாகாது. கடையில் கிடைக்கும் எதையும் வாங்கிப் போடலாமா என்றால், கூடாது.

சாதாரணப் பித்தளை, வெண்கலப் புஷ்களுக்கு கிரீஸ் ஏற்றது. குழாய்க்குள் நிறைந்திருக்கும் கிரீஸ் தண்ணீர் ஏறுவதையும் தடுக்கும். உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூடேற்றிச் செய்யப்படும் வெண்கலப் புஷ் வேறு வகை. அதன் உடலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகள். அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். ஷாஃப்ட் சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசிந்து வரும். இதற்கு எண்ணெயே நல்லது. கெட்டியான கிரீஸ் நுண்துளைகளை அடைத்துவிடக்கூடும். இறுக்கமாக இருக்கிறதே என்று அதன் துளையை உப்புத்தாளால் தேய்த்தாலும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும்.

அதில் இன்னும் எண்ணெய் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி, துளையை எண்ணெயால் நிரப்பி, மறுமுனையை ஆள்காட்டி விரலால் அழுத்தவேண்டும். சிறிது நேரத்தில் புஷ்ஷின் வெளிப்புறத்தில் வியர்வைபோல் எண்ணெய் அரும்பும். அரும்பினால் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நைலான் புஷ் போட்டவர்கள், “வீட்டில் அமைதியாக ஓடியது, ஏரியில் ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்துக்கொண்டது” என்று சொல்வதுண்டு. நைலான் நீரை உறிஞ்சிச் சற்றே வீங்கும், துளை சுருங்கிவிடும். அசிட்டால் எனும் பிளாஸ்டிக் மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும் என்பதால் நீருக்குள் இருக்கும் வெளிப்புற முனைக்கு அது பொருத்தமானது. பால் பேரிங் போட விரும்புபவர்கள் அதை உட்புற முனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

துருவை இளக்கும் மெல்லிய தெளிப்பு எண்ணெயை ஷாஃப்ட் குழாய்க்குள் அடிப்பது பலரின் வழக்கம். சத்தம் அப்போதைக்கு அடங்கும். ஆனால் அது உள்ளே இருக்கும் நல்ல கிரீஸைக் கழுவி வெளியேற்றிவிட்டுத் தானும் போய்விடும். அடுத்த வாரம் சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்கும்.

சத்தத்தோடு ஓட்டினால் என்ன?

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டே ஓட்டலாமே என்று அரங்கிலிருந்து ஒரு தாயார் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேய்ந்த புஷ் சத்தத்தோடு நிற்பதில்லை.

துளை அகலும்போது கிரீஸ் வெளியேறுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் குழாய் வழியாக ஏறுகிறது. குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேல் இருந்தால்கூட, சுழலும் ஷாஃப்ட் சிறிது சிறிதாக நீரை உள்ளே கொண்டுவரும். கரையில் நிற்பவருக்கு அது தெரியாது. படகின் பின்பகுதி தாழ்வதைக் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். ஏரியின் நடுவில் மூழ்கிய படகை எடுக்கச் சிறுவர்கள் நீரில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து என்று பெரியவர் அழுத்தமாகச் சொன்னார். படகு போனால் இன்னொன்று கட்டலாம்.

உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியையும் மறக்கக்கூடாது. அதன் இணைப்புகளில் உப்புநீர் பட்டால் மின்கசிவு ஏற்படும். சேதமடைந்த லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். நனைந்த பேட்டரியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் மின்னூட்டம் செய்வது கூடவே கூடாது.

கடலோரத்தில் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. உப்புநீரில் ஊறும் பித்தளை தன்னிடமுள்ள துத்தநாகத்தை இழந்து, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே பலமிழந்துவிடும். ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஷாஃப்டை வெளியே எடுத்துத் துடைத்து, புதிதாகக் கிரீஸ் இடவேண்டும். வெளியே பிதுங்கும் கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டே படகை நீரில் இறக்கவேண்டும். நம் ஏரிகளில் மீன்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களைப்போல் குடிநீருக்கான இடம் என்றால், அங்கே மாதிரிப் படகுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டறிவது அவசியம்.

அலமாரியா, ஏரியா?

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில், தகட்டின் கீழ் இரண்டு அலுமினியத் துண்டுகளை வைத்து, புதிய உட்புற புஷ் பொருத்தி, படகைத் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டார்கள். மாணவர் ரிமோட்டை மெதுவாகத் திருப்பினார். விசிறி கலக்கிய நீரின் ஓசைதான் கேட்டது. தாத்தா குனிந்து குழாயின் மேல் விரலை வைத்தார். சிறிது நேரம் எடுக்கவேயில்லை.

“பெரிய படகுலயும் இதேதான். என்ஜினைக் கழட்டி மாட்டினா முதல்ல நேர்கோடு பார்க்கணும். பையன்கிட்ட நான் சொல்லிக் கொடுத்திருக்கணும்” என்றார் அவர்.

“நான் கேட்டிருக்கணும் தாத்தா” என்றார் பேரன்.

விரிவுரையாளர் ஒரு யோசனை சொன்னார். சத்தமில்லாமல் ஓடும் இந்த நாளிலேயே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்து குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உரசல் கூடினால் மின்சாரமும் கூடும். காதுக்குக் கேட்கும் முன்பே மீட்டர் அதைக் காட்டிவிடும். தாத்தாவைப்போல் காது மந்தமானவர்களுக்கும் இது உதவும்.

படகில் சத்தம் கேட்டவுடன் செய்யவேண்டியவற்றை வாசகர்கள் ஒரு தாளில் எழுதிக் கருவிப்பெட்டிக்குள் ஒட்டிவைக்கலாம். சத்தம் எப்போது தொடங்கியது, அதற்குமுன் எதை மாற்றினோம் என்று யோசிப்பது, சத்தத்தின் வகையைக் கேட்பது, மோட்டார், ஷாஃப்ட், விசிறி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது, பழைய புஷ் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது, நேர்கோட்டைச் சரிசெய்வது, புதிய புஷ்ஷைப் போடுவது கடைசியாக.

இழுவைப் படகு மீண்டும் துவாலையில் சுற்றப்பட்டது. அலமாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குப் போவது பற்றித்தான் தாத்தாவும் பேரனும் பேசிக்கொண்டே போனார்கள்.